டிரைவருக்குச் சேரும் டயர்கள்

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் நிறுத்தப்படும் வாகனங்களுக்கு ஆயுள் குறைவு. ரயில் பாதையைத் தாண்டி வரும் உப்புக் காற்று முதலில் வைப்பரின் கைகளைத் தின்னும். பிறகு கதவுகளின் அடிவிளிம்பு. அதனால் டிரைவர் இராமர் நாள்தோறும் கொட்டாஞ்சேனையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, முர்ஷித் வீட்டு பிராடோ ஜீப்பைக் குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகுதான் தேநீர் குடிப்பார். பதினான்கு வருடங்களில் அந்த வீட்டில் மூன்று வாகனங்கள் மாறிவிட்டன. கழுவுகிறவர் மாறவில்லை.

அந்த ஒக்டோபரில் பிற்பகல்தோறும் மழை பெய்தது. சக்கரங்களின் சேற்றைத் தேய்க்கும்போது இராமர் டயரின் பள்ளங்களில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்திப் பார்த்தார். பாதி நகம் உள்ளே போனது. நான்கிலும் அப்படித்தான். இன்னும் ஒரு வருடம் தாராளமாக ஓடும்.

ஒரு வருடம் என்பதுதான் அவருக்குப் பிரச்சினையாக இருந்தது.

மகள் ஜீவராணி ஏழு மாதக் கர்ப்பிணி. களுபோவில ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். அவளுடைய கணவன் திலக்ஷன் பழைய மொண்டேரோ ஜீப் ஒன்றை வைத்துக்கொண்டு கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றி இறக்கிப் பிழைத்தான். முந்தின வாரம் பேலியகொடையில் பொலிஸ் மறித்து, நான்கு டயர்களும் மொட்டை என்று எழுதிவிட்டது. ஹயர் நின்றுபோய் வண்டி வீட்டு வாசலில் நின்றது. தீபாவளிக்கு ஹட்டனில் அவனுடைய தாய் வீட்டுக்கு ஜீவராணியைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தான். அங்கேதான் குழந்தை பிறக்க வேண்டும் என்று மாமியார் ஒற்றைக் காலில் நின்றாள்.

மொண்டேரோவுக்கும் பிராடோவுக்கும் ஒரே அளவு டயர்.

கொழும்பில் வீட்டு வாகனம் ஓட்டுகிறவர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. புது டயர் போட்டால் கழற்றிய பழையது டிரைவருக்கு. யாரும் அதை எழுதி வைத்ததில்லை, எஜமான்கள் கணக்குக் கேட்பதுமில்லை. பழைய பத்திரிகை வேலைக்காரிக்குப் போவது மாதிரித்தான். ஐந்து வருடத்துக்கு முன் கழற்றிய நான்கையும் இராமர் ஆமர் வீதியில் விற்று, ஜீவராணியின் கல்யாணத்துக்குக் கதிரைகள் வாடகைக்கு எடுத்தார்.

வீட்டில் மனைவி வெள்ளையம்மா கோதுமை ரொட்டியைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "இதுக்கு என்னாத்துக்குங்க சுத்தி வளைக்கிறீங்க? மருமகனுக்கு டயரு வேணும், பழச குடுங்கன்னு சேர்கிட்ட கேளுங்க. குடுக்காத மனுசனா அவரு?"

"குடுப்பாரு. அதுதான்" என்றார் இராமர்.

"அதுதான்னா?"

அவர் விளக்க முயன்றார். முடிந்துபோன டயர் என்றால் அது டிரைவருக்குச் சேர வேண்டியது, தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். ஓடக்கூடிய டயரைக் கேட்டால் அது பிச்சை. பதினான்கு வருடமாக அந்த வீட்டில் தான் எதையும் கேட்டதில்லை. சம்பளத்தைக்கூட அவர்களாகத்தான் கூட்டினார்கள். வெள்ளையம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். கேட்காமல் இருந்ததற்கு யாராவது மாலை போட்டார்களா என்று கேட்டாள்.

மறுநாள் மரீன் டிரைவில் மழை கண்ணாடியில் சரிந்துகொண்டிருந்தபோது இராமர் தொடங்கினார். முர்ஷித் வழக்கம்போல் முன் ஆசனத்தில், அவருக்குப் பக்கத்தில் இருந்தார். பின்னால் றுஷ்னா மேடமும் மகள் ஷிம்னாவும்.

"டயரு முடிஞ்சிருச்சுங்க சேர்."

"அதுக்குள்ளயா? போன மாசம் கேட்டப்போ பரவால்ல என்டீங்களே?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் முர்ஷித் புறக்கோட்டையில் மின்சாரச் சாமான் வியாபாரம் செய்பவர். எந்தப் பொருளுக்கும் ஒரு சாட்சி கேட்டுப் பழகியவர். இராமர் சாட்சியைக் கொடுத்தார்.

"நேத்து பம்பலப்பிட்டி சந்தியில பிரேக்க அமுக்குனேன். நிக்காம இழுத்துட்டுப் போயிருச்சுங்க. முன்னாடி போன திரீவீலுக்கும் நமக்கும் ஒரு சாண். புள்ளைங்க போற வாகனம், அதான் பயமா இருக்கு."

அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் சொல்லும்போது ஈரமான தார் வீதியும், மூன்று சக்கர வண்டியின் சிவப்பு விளக்கும், காலின் கீழ் பெடல் நழுவுவதும் உண்மையில் கண்டதுபோல் அவருக்குத் தெரிந்தன. பின்னால் றுஷ்னா மேடம் ஷிம்னாவின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இராமர் செல்றார்தானே, மாத்துங்க" என்றார் மேடம். "நாளைக்கே."

கடை கொட்டாஞ்சேனையில், இராமர் குடியிருக்கும் வீதிக்கு இரண்டு சந்தி தள்ளி இருந்தது. ரிம்ஸான் நடத்தினான். முப்பது வயதிருக்கும். மாவைக் கையில் எடுத்ததும் பதம் தெரிகிற ரொட்டிக் கடைக்காரனைப்போல, டயரைத் தட்டிப் பார்த்தே காற்று எவ்வளவு என்று சொல்வான். முர்ஷித்தையும் மேடத்தையும் மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகளில் இருத்தி, டயர்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தான்.

முர்ஷித்துக்கு முதலில் பிடித்தது பெரிய கட்டிகள் வைத்த காட்டு டயர்.

"இத போட்டா ஜீப் சிங்கம் மாதிரி ஈக்கும் ஹாஜி" என்றான் ரிம்ஸான்.

"சிங்கத்துல ஏறி டியூஷனுக்குப் போகத் தேவல்ல" என்றார் மேடம்.

முர்ஷித் சிரித்துவிட்டு இராமரைத் திரும்பிப் பார்த்தார். அந்த வீட்டில் வாகனத்தைப் பற்றிய எந்தக் கதையும் கடைசியில் அந்தப் பார்வையில்தான் வந்து நிற்கும். கட்டி டயர் தார் வீதியில் இரையும், மழையில் பிடிக்காது, கல்லும் சேறும் உள்ள இடத்துக்குத்தான் சரி என்று இராமர் சொன்னார். காட்டு டயர் சுவரோரம் திரும்பிப் போனது. பிறகு ஜப்பான் டயரா, தாய்லாந்தில் செய்ததா, சீனாவா என்று பேச்சு வளர்ந்தது. டயரின் பக்கச் சுவரில் நான்கு எண்கள் இருக்கும், முதல் இரண்டும் அது செய்த வாரம், பிந்திய இரண்டும் வருடம் என்று ரிம்ஸான் விரலை வைத்துக் காட்டினான். இராமர் குனிந்து நான்கிலும் அதைப் படித்தார். ஒன்று மட்டும் ஒரு வருடம் மூத்தது. அதை மாற்றச் சொன்னார். கடைசியில், இரைச்சல் குறைந்த, நடுவில் அகலமான நீர்ப் பள்ளங்கள் ஓடும் தாய்லாந்து டயரை அவரே தெரிந்தெடுத்தார். அந்த ஒரு மணித்தியாலம் அவர் சொன்ன எல்லாம் உண்மை. அதுவே அவருக்கு ஒருவித ஆறுதலாக இருந்தது.

ஜீப்பை உயர்த்திச் சக்கரங்களைக் கழற்றினார்கள். மெஷினில் பழைய டயர்கள் ஒவ்வொன்றாக ரிம்மை விட்டு வந்தன. புதியவை ஏறின. சமநிலை பார்த்து ஈயக் கட்டிகள் ஒட்டினார்கள். இராமர் கடைக்கு வெளியே வந்து கைபேசியில் திலக்ஷனுக்கு கோல் எடுத்து, நல்ல டயர் கிடைத்திருக்கிறது என்று வண்டியைக் கொண்டு வரச் சொன்னார். சேர் போன கையோடு இங்கேயே மாட்டிவிடலாம்.

அவர் உள்ளே வந்தபோது மேடம் எழுந்து நின்று, அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிம்ஸான், இந்த நாலையும் பக்கச் சுவர்ல வெட்டிப் போடுங்க. நாங்க ஈக்கக்குள்ளயே வெட்டுங்க."

ரிம்ஸான் இராமரை ஒரு தரம் பார்த்தான். "அது டிரைவர்மார் எடுக்கிறதுதானே மேடம்."

"தெரியும். அதுக்காவத்தான் செல்றேன். இவர் விப்பார். வாங்கினவனும் பொண்டாட்டி புள்ளையோடதான் போவான். எங்கட புள்ளைக்கு ஆகாதது இன்னொருத்தர்ட புள்ளைக்கு எப்பிடி ஆகும்? பாவம் எங்களுக்குத்தான் வரும்." பிறகு இராமர் பக்கம் திரும்பி, மிகவும் தன்மையாக, "கோவிக்காதீங்க இராமர். நீங்க அந்த பிரேக் கதைய செல்லாம ஈந்தா நான் யோசிச்சும் ஈக்க மாட்டேன்" என்றார்.

முர்ஷித் தலையசைத்தார். ரிம்ஸான் வளைந்த கத்தியை எடுத்து, மேலே கிடந்த டயரின் பக்கத்தில் முழங்காலை ஊன்றினான்.

"வெட்டாதீங்க" என்றார் இராமர்.

கத்தி நின்றது.

"நல்ல டயருங்க மேடம். இன்னும் ஒரு வருசம் ஓடும்."

காற்று நிரப்ப வந்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப பிரேக் இழுத்தது?" என்று முர்ஷித் கேட்டார்.

"இழுக்கலீங்க சேர்."

"திரீவீல்?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்க."

இராமர் மருமகனைப் பற்றிச் சொன்னார், மகளைப் பற்றிச் சொன்னார், பேலியகொடை, ஹட்டன். சொல்லச் சொல்ல எல்லாம் நியாயமான காரணங்களாகவும், எதுவும் காரணமாக இல்லாததாகவும் இருந்தது. முர்ஷித் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. கோபப்பட்டிருந்தால் இராமருக்கு நிற்பது சுலபமாக இருந்திருக்கும். வெட்கப்பட்டவர் முர்ஷித்தான், வேறொருவருடைய அறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவரைப்போல.

"பதினாலு வருஷம் இராமர். ஒரு வார்த்த கேட்டீந்தா தந்தீப்பேனே."

"அதுதாங்க சேர். கேக்கத்தான் ஏலாமப் போச்சு."

"புள்ளைகள் போற வாகனம் என்டீங்க" என்றார் மேடம்.

முர்ஷித் காசைக் கட்டினார். பழைய டயர்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். இராமருக்கு இன்றைக்கு அரை நாள் லீவு, ஜீப்பைத் தானே ஓட்டிப் போவதாகச் சொன்னார். புதிய டயர்களில் ரப்பர் மயிர்கள் இன்னும் நீட்டிக்கொண்டிருக்க, ஜீப் சத்தமில்லாமல் வீதியில் இறங்கியது. அவர் ஓட்டி இராமர் வெளியில் நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை.

ரிம்ஸான் ஒரு பிளேன் டீ கொண்டுவந்து கொடுத்தான். பிறகு டயர்களை மொண்டேரோவுக்குத் துடைத்து வைக்கலாம் என்று ஒன்றை நிமிர்த்தியவன், அதன் உட்பக்கத்தைத் தடவினான். இரண்டாவதையும் தடவினான். வெளிச்சத்துக்கு உருட்டிக்கொண்டு போனான்.

"இராமர் அண்ணன், இங்க வாங்க."

டயரின் உட்சுவரில் ஒரு விரல் அகலத்துக்குக் கருந்தடம் ஓடியது. அதன் நடுவே ரப்பர் சுருங்கிப் பிளந்து, நூல்கள் மீன் செதிளுக்குக் கீழே தெரியும் தசைபோல் வெளியே தெரிந்தன. ரிம்ஸான் அழுத்தியபோது அந்த இடம் மெத்தென்று உள்ளே போனது.

"வெளியால பாத்தா தெரியாது. நீங்க எங்கயாவது கல்லுல ஏத்துறீங்களா?"

புறக்கோட்டையில் முர்ஷித்தின் கடை இருக்கும் குறுக்குத் தெருவில் இடம் கிடையாது. நடைபாதை விளிம்பில் சரிவாக இரண்டு சக்கரங்களை ஏற்றி நிறுத்துவார் இராமர். முன்னுக்கு ஏற்றி, ஒடித்து, பின்னுக்கும் ஏற்றுவார். மற்ற டிரைவர்கள் மூன்று தரம் முன்பின் போய்ச் செய்வதை அவர் ஒரே வீச்சில் செய்வார். மூட்டை சுமக்கும் நாட்டாமைகள் நின்று பார்ப்பார்கள். டயரை இடம் மாற்றிப் போடும்போது வலது பக்கத்தவை இடப்பக்கம் வந்தன. ஆக நான்குக்கும் அதே கல்.

"மூணு முடிஞ்சு" என்றான் ரிம்ஸான். "நாலாவதும் சரில்ல. ஹைவேல நூறுல போனா வெடிக்கும். அல்லாட காவல், இவ்வளவு நாளும் ஒண்டும் ஆகல்ல." பிறகு அவனுக்கு உற்சாகம் வந்தது. "அப்ப நீங்க ஹாஜிக்கு செல்லினது சரிதானே. இருங்க, நான் கோல் எடுத்து செல்றேன்."

"வேணாம்" என்றார் இராமர்.

"ஏன்? பொய்யில்ல என்டு தெரியட்டும்."

இராமர் டயரின் பிளவில் விரலை வைத்தபடி யோசித்தார். நல்லதைக் கெட்டது என்று சொன்னவன் என்றுதான் சேர் இப்போது நினைக்கிறார். இதைச் சொன்னால், கெட்டதை நல்லது என்று நம்பி அதில் அவருடைய பிள்ளையை ஏற்றியவன் என்றும் தெரியும். ஒன்று களவு. மற்றது தொழில் தெரியாமை. எது பெரிய வெட்கம் என்று அவரால் நிறுக்க முடியவில்லை. கோல் எடுக்க வேண்டாம் என்று மட்டும் மீண்டும் சொன்னார்.

மழை தொடங்கும்போது மொண்டேரோ வந்தது. ஜீவராணியும் வந்திருந்தாள். கையில் ஒரு பையில் மீன் வைத்த மாலுபாண்.

"அப்பா, மேடம் கோல் எடுத்தாங்க" என்றாள் இறங்கும்போதே. "டயரு எங்களுக்குத்தான், பத்திரமா போயிட்டு வாங்கன்னு சொன்னாங்க. அப்பாவ ஏசாதீங்கன்னும் சொன்னாங்க. எதுக்குப்பா ஏசணும்?"

சேர் தர மறுத்துவிட்டார் என்று சொல்ல அவர் ஆயத்தமாக வைத்திருந்த வசனம் அத்தோடு போனது. கடையின் தகரக் கூரையில் மழை கொட்ட, சற்று உரத்த குரலிலேயே எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. பம்பலப்பிட்டிச் சந்தியில் நடக்காததை, மேடம் வெட்டச் சொன்னதை, தான் தடுத்ததை, ரிம்ஸான் காட்டியதை.

திலக்ஷன் குந்தியிருந்து டயருக்குள் கையை விட்டுப் பார்த்தான். நல்ல பையன், மாமாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன்.

"மாமா பாத்துட்டுதானே சொன்னீங்க?"

"வெளிய பாத்தேன் தம்பி. உள்ள பாக்கல."

"இத போட்டுக்கிட்டுத்தான் நாங்க ஹட்டன் பாதையில கினிகத்தேன வளைவுல இறங்க இருந்தோம்."

"விடுங்க" என்றாள் ஜீவராணி கணவனிடம். வயிற்றின் மேல் பையை அணைத்தபடி டயர்களைப் பார்த்தாள். "அப்பா, ரெண்டுல நீங்க எத நம்புனீங்க?"

"நல்லதுன்னுதாம்மா நம்புனேன்."

"அப்ப சேர்கிட்ட சொன்னது பொய்யி."

"ஆமா."

"எங்ககிட்ட சொன்னது?"

மழைத் தண்ணீர் கடையின் வாசற்படியைத் தொட்டுத் திரும்பியது. அவள் மாலுபாண் ஒன்றை எடுத்து அவருடைய கையில் வைத்தாள். காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டீர்கள் என்றாள். அதை அவர் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ரிம்ஸான் வளைந்த கத்தியால் நான்கு டயர்களையும் பக்கச் சுவரில் கீறி, குப்பை லொறி எடுக்கும் இடத்தில் போட்டான்.

தீபாவளிக்கு அவர்கள் ரயிலில் ஹட்டன் போனார்கள். டிக்கட்டுக்குத் திலக்ஷன்தான் விடியற்காலையில் வரிசையில் நின்றான். வெள்ளையம்மா முறுக்கு சுட்டுக் கொடுத்து அனுப்பினாள். கணவரிடம் அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கனமானது என்று அந்த நாட்களில்தான் இராமருக்குத் தெரிந்தது.

வெள்ளவத்தை வீட்டில் எதுவும் மாறவில்லை. மேடம் வழக்கம்போலப் பகல் சோற்றை மூடி வைத்துக் கொடுத்தார். ஷிம்னா வழக்கம்போலப் பின் ஆசனத்தில் தூங்கினாள். முர்ஷித் அன்று நடந்ததை ஒரு தரமும் பேச்சில் எடுக்கவில்லை. முன்பு வழியெல்லாம் வாகனத்தைப் பற்றி ஏதாவது கேட்டுக்கொண்டு வருவார். இப்போது கைபேசியைப் பார்த்தார்.

நவம்பர் கடைசியில் ஒரு கல்யாணத்துக்குக் காலி நகருக்குப் போனார்கள். அதிவேகப் பாதையில் மழை இல்லை. இரண்டு பக்கமும் கறுவாத் தோட்டங்கள் கழுவிய பச்சையில் நின்றன. இராமர் தெரிந்தெடுத்த டயர்கள் தண்ணீரில் படகு போவதைப்போல் ஓடின. பழைய டயரின் இரைச்சல் போய்விட்டதால் அதுவரை மறைந்திருந்த இன்னொரு சத்தம் அவருடைய காதுக்கு வந்தது. பின்னால், வலது பக்கம். ஒரு மெல்லிய முனகல், வேகம் கூடும்போது கூடி, இடது பக்கம் வளையும்போது தடித்தது. வீல் பெயாரிங் தேய்கிறது. இன்னும் தொடக்கம்தான். ஆனால் அவருக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை.

களுத்துறைக்குப் பிரியும் வழியைத் தாண்டும்வரை சொல்லாமல் ஓட்டினார். சொன்னால் அது இன்னொரு பிரேக் கதைபோல் கேட்கும் என்று அவருக்குத் தெரியும். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஷிம்னாவின் தூங்கும் முகம் தெரிந்தது.

"பின் வீல்ல பெயாரிங் சத்தம் ஒண்ணு வருதுங்க சேர். வலது பக்கம்."

முர்ஷித் கைபேசியைத் தாழ்த்திக் காது கொடுத்தார். நேர்மையாகவே கேட்டுப் பார்த்தார்.

"எனக்குக் கேக்கல்லையே. றுஷ்னா, ஒனக்கு கேக்குதா?"

"புது டயர்தானே, அந்தச் சத்தமா ஈக்கும்" என்றார் மேடம், யாருக்கும் நோகாத குரலில்.

"பெயாரிங்தாங்க மேடம்."

"சரி" என்றார் முர்ஷித். "சனிக்கிழம நான் கராஜுக்கு கொண்டு போய் காட்டுறேன். நீங்க வரத் தேவல்ல இராமர். ஒரு நாள் ரெஸ்ட் எடுங்க."

இராமர் எண்பதுக்குக் குறைத்து இடப்பக்கத் தடத்துக்கு மாறினார். ஒரு பஸ் முந்திப் போனது. பிறகு சிறிய கார்கள், ஒன்றன்பின் ஒன்றாக. ஷிம்னா விழித்துக்கொண்டு கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள்.

"ஏன் வாப்பா மெதுவா போறோம்?"

"இராமருக்கு என்னவோ சத்தம் கேக்குதாம்" என்றார் முர்ஷித்.

இராமர் எண்பதிலேயே ஓட்டினார்.